தூங்குபவர்களை எழுப்பாத மாடி

என் பக்கத்துப் பாய் எஸ்தர் அக்காவுக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தவரை சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாதவள், இப்போது பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். நமக்கு யோகா சொல்லித்தரும் கல்பனா மேடம்தான் எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதல் வருஷ நினைவு. யோகா வகுப்பில் எல்லோரும் கூடுகிறோம். "நீதானேம்மா அவங்க பக்கத்துப் பாய். நாலு வரி எழுதி வாசி, போதும்" என்றார். நாலு வரியில் அடங்காது என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டேன். நான் தலையாட்டுவதைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

வகுப்பு நடக்கும் மாடி அப்படியேதான் இருக்கிறது. கீழே மாவு மில் ஏழு மணிக்கு ஓடத் தொடங்குகிறது. மிளகாய் போட்டார்களென்றால் மேலே எல்லோரும் தும்முகிறோம். சன்னலோரத்தில் உங்கள் இடத்தில் யாரும் பாய் விரிப்பதில்லை. புதிதாக வந்தவர்கள் தெரியாமல் விரித்தால் பரிமளா அக்கா, "அது ஆள் வர்ற எடம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்கிறார். யார் வரப்போகிறார்கள், அக்கா?

நான் முதலில் வந்தது கழுத்து வலிக்காக. சிறுசேரியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர், போக வர பஸ். வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கக் கிளம்புவதற்காக விளக்கைப் போட்டால் அதோடு எங்கள் எல்லோருடைய தூக்கமும் முடிந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எங்கே போனாலும் தவறான வாசலில் நிற்பது போலவே இருக்கும். அன்று வீட்டிலிருந்த கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தேன். மற்றவர்களுடையது எல்லாம் வண்ண வண்ண ரப்பர் பாய். உங்கள் பாயை இழுத்து என் பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

கடைசிப் பத்து நிமிடம் சவாசனம். கையையும் காலையும் தளர்த்தி, பிணம் போல மல்லாந்து கிடக்க வேண்டும். நான் தூங்கியே போனேன். பரிமளா அக்கா தோளைத் தட்ட வந்தபோது நீங்கள் சொன்னது அரைத்தூக்கத்தில் எனக்குக் கேட்டது.

"வுடுங்க பரிமளா. தூங்கட்டும். நம்மள யாரும் எழுப்பாத எடம்னு ஒண்ணாவது இருக்கட்டுமே."

"ஆபீசுக்கு லேட்டானா?"

"ஆனா ஆகட்டும். ஆபீசு எங்கயும் ஓடிடாது."

விழித்துப் பார்த்தபோது என் மேல் உங்கள் நீலக் கட்டம் போட்ட போர்வை இருந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் யாரும் இல்லை. அன்றுமுதல் அதுவே நம் வழக்கமானது. தூங்கிவிட்டவர் மேல் போர்வையைப் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்குவோம். ராத்திரி டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் அங்கே தூங்கினார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை வைத்துக்கொண்டிருந்த பரிமளா அக்கா தூங்கினார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஓம் சொல்லும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதையும் யாரும் கேட்டதில்லை. சர்ச்சில்தான் கேட்டார்களாம். "முதுகுவலிக்குப் போறேன், ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்டி" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் மட்டும் ஒருநாளும் தூங்கியதில்லை. அந்த ஒரு காலையைத் தவிர.

அன்று சவாசனம் முடிந்து எல்லோரும் எழுந்தோம். நீங்கள் எழவில்லை. குறட்டை கேட்டது. பரிமளா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "பாருடி, கடைசில எஸ்தரே சாஞ்சிட்டா" என்றார். எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். உங்கள் போர்வையை நான்தான் பிரித்துப் போட்டேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஒரு குறட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி மிக நீளமாக இருந்தது. மீன் வாயைத் திறப்பது போல உங்கள் தாடை மட்டும் அசைந்தது. உங்கள் தோளைத் தொடக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து யாரோ "ஷ்..." என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தது போல இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

படியிறங்கினேன். செருப்பு கையில்தான் இருந்தது.

அரைமணி கழித்துக் கூட்டிப் பெருக்க வந்த கல்பனா மேடம்தான் பார்த்தார். டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஓரமாக நின்றோம். உங்கள் வீட்டுக்காரர், ஜெயராஜ் அண்ணன், என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "நீதான பக்கத்துல இருந்த பொண்ணு? கடைசில எப்டிம்மா இருந்தா?"

"தூங்கிட்டு இருந்தாங்கண்ணா."

"குறட்டை வுட்டாளா?"

தலையாட்டினேன்.

"அப்ப நல்லாத்தான் தூங்கியிருக்கா. அசந்து தூங்கினாதான் அவளுக்கு அது வரும். வூட்ல எங்க, கண்ண மூடுனாதான" என்றார். அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. அதை நான்தான் கொடுத்தேன் என்று எனக்குக்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இப்போதும் வழியில் பார்த்தால், "நல்லாத் தூங்கினா இல்லம்மா?" என்று கேட்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

கல்பனா மேடம் உங்கள் படத்தை மாட்டி, கீழே 'தூங்குபவர்களை எழுப்பாதீர்கள்' என்று அச்சடித்துத் தனியாகக் கண்ணாடி போட்டு வைத்தார். எஸ்தர் விட்டுப்போன வார்த்தை என்று புதிதாக வருபவர்களுக்குக் காட்டுகிறோம்.

நான்கு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. பயிற்சி தந்தவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "இதயம் நின்னுபோச்சுன்னா சில பேருக்குக் கொஞ்ச நேரம் ஒரு சத்தம் வரும். விட்டு விட்டு, குறட்டை மாதிரி. தூங்குறாங்கன்னு விட்டுடாதீங்க. தோளைத் தட்டி எழுப்பிப் பாருங்க, எழுந்திருக்கலன்னா உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கணும்." தன் கைபேசியில் அந்தச் சத்தத்தைப் போட்டும் காட்டினார்.

அதே சத்தம், அக்கா. அதே இடைவெளி.

எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அப்போது எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று அவரிடம் கேட்கவில்லை. வலித்திருக்குமா என்றும் கேட்கவில்லை. என் கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை.

எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. வகுப்புக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். சவாசனத்தில் எல்லோரும் கண்ணை மூடிய பிறகு நான் தலையைத் திருப்பி, ஒவ்வொருவர் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். போன வாரம் பரிமளா அக்கா தூங்கிவிட்டார். குறட்டை. எல்லோரும் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். என்னால் முடியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கன்னத்தில் தட்டினேன். பேர் சொல்லிக் கத்தினேன்.

பதறி எழுந்து உட்கார்ந்தார். "ஏண்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? மூணு நாளா தூங்கலடி நான். எஸ்தர் இருந்தா இப்டிப் பண்ணுவாளா?" என்று அழுதார். படியில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்பனா மேடம் சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்தார். அவர்களுக்கு நான் சொல்லாத பதில்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை இதை எழுதியபடியே வாசிப்பேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். வாசித்து முடித்ததும் உங்கள் படத்தை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் கழற்றிவிடுவேன். இனி அங்கே யார் தூங்கினாலும் எழுப்புவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அந்த மாடியில் யாருக்கும் முன்போலத் தூக்கம் வராது என்று தெரியும். நீங்கள் எங்களுக்காகப் பிடித்து வைத்த ஒரே இடம் அது. அதை நான்தான் கெடுக்கப்போகிறேன்.

ஆனால் அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, உங்கள் வீட்டுக்குப் போவேன். ஊரெல்லாம் கேட்டபிறகு ஜெயராஜ் அண்ணன் காதுக்குப் போகக் கூடாது. அவரிடம் தலையாட்டாமல் வாயைத் திறந்து சொல்வேன். அது தூக்கம் இல்லை அண்ணா, நான் பார்த்தேன், பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன் என்று.

இதுவரை கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை, போர்வைகூட நீங்களாகப் போட்டதுதான். அண்ணன் என்னை ஒன்று கேட்பார். "அவளுக்கு வலிச்சிருக்குமாம்மா?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கக் கண்ணை மூடும்போது நீங்கள் கனவில் போய்ச் சொல்லுங்கள், அக்கா. வலிக்கவில்லை என்று சொல்லுங்கள். வலித்திருந்தாலும்.

இப்படிக்கு,
உங்கள் போர்வையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கும்
பக்கத்துப் பாய்த் தங்கச்சி,
செல்வி