சூசையப்பருக்கு அடியில்

என்னங்க,

ஃபிரிட்ஜில் ஒட்டினால் உங்கள் கண்ணில் படாது. எழுந்ததும் இவர் முகத்தில்தானே விழிக்கிறீர்கள்! அதனால் தூங்கும் சூசையப்பர் சிலைக்கு அடியில், உங்கள் வேண்டுதல் சீட்டுகளோடு இதையும் செருகிவிட்டு லேபுக்குக் கிளம்புகிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

கோயிலில் உங்களை முழுசாக அவருக்கு அர்ப்பணித்தபோது நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். ஆனால் வேலை போன சேதியை நேற்று அவரிடம் மட்டும் சொல்லி, "அவகிட்ட எப்படிப்பா சொல்லுவேன்?" என்று அழுதீர்களே, கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு வயிறு எரிந்தது. சக்களத்தி என்றால் முடியைப் பிடித்திருப்பேன். புனிதரை என்ன செய்வது?

பைபிளில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் பேசுவேன்.

பி.கு.: படித்ததும் மறுபடி அவருக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். இது உங்களிடம் வைத்த வேண்டுதல்.