நாலு பொட்டலம் தூசி

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலம்னு எழுதுவீங்க, தெரியும். வீடே இடிஞ்சு விழுந்தாலும் "சௌக்கியம்"னு ஒரே வார்த்தைதானே உங்களுக்கு.

என்ன வேலைன்னு கேட்டிருந்தீங்க. என்னைக்கோ புதைஞ்சு போன ஒரு வீட்டோட தரை மண்ணைத் தண்ணியில கரைச்சு வடிகட்டுறேன். கருகின விதை, வண்டோட இறக்கை, கடுகளவு நத்தை ஓடு எல்லாம் சல்லடையில தங்கும். மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தா அந்த வீட்டுக்காரங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்சிடும். இந்த வீட்டுல கூரை ஒழுகியிருக்கு. ஈரம் இருந்தாத்தான் வர்ற வண்டுங்க அத்தனை இருக்கு. பார்த்துக்கிட்டே இருந்தா அவங்க நடமாடுற மாதிரியே தோணுது. யாரோ மூலையில பாத்திரத்தை நகர்த்தி வைக்கிறாங்க, சொட்டுச் சொட்டா அதுல விழுது. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எனக்குக் காது கேக்கறதில்லை.

ஒரு உதவி. ஒப்பிட்டுப் பார்க்க, இப்ப ஆள் இருக்கிற வீட்டுத் தூசி வேணும். ஹால், சமையலறை, உங்க ரூம், என் ரூம், நாலுலேயும் ஒரு சிட்டிகை. மூலையில எடுங்க. நடுவுல துடைப்பம் பட்டிருக்கும்.

அன்பு மகள்

மார்ச் 19

என் செல்லத்துக்கு,

சௌக்கியம். அதே வார்த்தைதான், போ.

ஊரே மெச்சப் படிக்க வச்சா, குப்பையை அனுப்புங்கன்னு கேக்குறே! தபாலாபீஸ்ல "உள்ளே என்ன?"ன்னாங்க. தூசின்னேன். கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. பஸ் ஓட்டின காலத்துல ஊர்த் தூசியெல்லாம் சும்மாவே தின்னவன், இப்ப ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புறேன். பொட்டலத்துல ரூம் பேர் எழுதியிருக்கேன்.

வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. நீ வேலையை மட்டும் பாரு. இந்த வருஷம் உன்னை நிரந்தரமாக்கிடுவாங்கன்னு சொன்னியே, எனக்கு அதுதான் முக்கியம்.

டிரைவர் அப்பா

ஏப்ரல் 6

அப்பா,

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? ஹால்ல பூனை முடி. உங்க ரூம்ல கிரேயான் துணுக்கு, ஊதாவும் பச்சையும். "என் ரூம்"ல ஒரு பால் பல்லு! உங்க வாயில இருக்கிறதே கட்டின பல்லு.

யார் வீட்டுக் குப்பை இது? முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை. நம்ம வீட்டுத் தூசியை எங்கிட்டக் காட்ட என்ன பயம்? அன்னைக்கிலேருந்து மண்ணைக் கரைக்கும்போதெல்லாம் நம்ம வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு. கதவு திறக்குது, உள்ளே ஒண்ணும் தெரியலை.

உண்மையான தூசியை அனுப்புங்க. கோபமாத்தான் எழுதறேன்.

மகள்

ஏப்ரல் 24

கண்ணு,

கையும் களவுமா மாட்டிக்கிட்டேன். அது எதிர் வீட்டு டெய்லரம்மா வீட்டுக் குப்பை. அவங்க பேத்தியோட பல்லை வீடே தலைகீழாத் தேடிக்கிட்டு இருக்காம். அதைத் திருப்பி அனுப்பிடு.

போன வருஷம் காய்ச்சல்னு ஒரு வரி எழுதினதுக்கே பாதி வேலையில கிளம்பி வந்து நின்னே. அதனாலதான் உன்னை நிரந்தரமாக்கலை. நம்ம வீட்டுக் குப்பையைப் பார்த்தா நீ மறுபடியும் ஓடி வந்துடுவேன்னு பயந்தேன். உன் அம்மா போனதிலிருந்து எனக்கு இந்த வீட்டு மேல மனசு ஒட்டலை. வேறொண்ணும் இல்லை.

இந்த நாலும் நம்ம வீட்டுதுதான், சத்தியம். பார்த்துட்டு அங்கேயே இரு.

அப்பா

மே 11

அப்பா,

பார்த்தேன். ஹால்ல பூசணம் தின்கிற பொடி வண்டு. உங்க ரூம்ல புறா இறகு, நத்தை ஓடு. கூரை போயிடுச்சு, இல்லையா? சமையலறையில பிஸ்கட் தூள், தலையணைப் பஞ்சு, நரைச்ச தாடி முடி. ஒரு வெங்காயச் சருகுகூட இல்லை. சமைக்காம, அங்கேயே தரையில படுத்துக் கிடக்கறீங்க. யாரோ பேர் தெரியாதவங்களைப் பத்தின்னா இதையெல்லாம் மளமளன்னு எழுதிடுவேன். உங்களைப் பத்தி எழுத கை ஓடலை.

நாலாவது பொட்டலம் என் ரூம். பிரிச்சா ஒண்ணும் இல்லை. காகிதத்தைத் தண்ணியில அலசி, அந்தத் தண்ணியையும் வடிகட்டிப் பார்த்துட்டேன். மூலையில தேடியும் உங்களுக்கு ஒரு சிட்டிகை கிடைக்கலை. தினமும் பெருக்கித் துடைச்சிருக்கீங்க. இருக்கிற ஒரே காய்ஞ்ச ரூமை எனக்கு வச்சுட்டு, நீங்க அடுப்படியில! என்ன மனுஷன்ப்பா நீங்க? வெறும் லென்ஸையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். உள்ளே நீங்க துடைப்பத்தோட போய் வந்துக்கிட்டே இருந்தீங்க. கூப்பிட்டேன், திரும்பலை.

லீவு சொல்லிட்டேன். நிரந்தரம் பத்தி எங்க மேடம் வாயைத் திறக்கலை, நானும் கேக்கலை. இருபத்தெட்டாம் தேதி வர்றேன். திட்டணும்னா நேர்ல திட்டுங்க.

இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே என் கட்டில்ல படுங்க அப்பா. செருப்போட வேணும்னாலும் ஏறிப் படுங்க.

உங்க மகள்