மூன்றாம் நம்பர் கணினியில் ஒரு குரல்

அக்கா,

உன் பென் டிரைவ் இன்னும் தலைவலித் தைலம் மணக்கிறது. இன்று கல்லூரி ஆய்வகத்தில் அதைப் பையிலிருந்து எடுத்தேன். பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்து, "யாருக்குடி தலைவலி?" என்றாள். "கம்ப்யூட்டருக்கு" என்றேன். நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு குட்டு வைத்திருப்பாய்.

அந்த மணத்தில் ஆய்வகம் கரைந்து, நம் திருவொற்றியூர் படிப்பகத்தின் பிற்பகல் வந்துவிட்டது. மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தரும். சன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்று போகும்போதும் மேசையும் திரையும் லேசாக நடுங்கும். நாம் எல்லோரும் ஏதோ தண்ணீரின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல. மூன்று கணினிகள். வாசலருகே பதிவேடும் சாவிக்கொத்துமாக நீ.

எதை நிறுவப் போனாலும் அந்தக் கணினிகள் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். நிர்வாகி என்பவர் யானைக்கவுனியிலிருந்து ஒரே ஒரு நாள் வந்து, எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போனவர். கடவுச்சொல் அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். போதாததற்கு, அணைத்தால் அன்று நடந்தது அத்தனையையும் மறந்துவிடும்படி அவற்றைப் பழக்கியிருந்தார். எனக்கு அது ரொம்ப வசதி. திரை முழுக்கக் கழுதைப் படம் வைப்பேன். மறுநாள் சாட்சியே இருக்காது. ஒருநாள் திரையைத் தலைகீழாகத் திருப்பிவைத்தேன். நீ பதறவே இல்லை. மானிட்டரைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தி, இரண்டு அகராதிகளை முட்டுக்கொடுத்துவிட்டு, "இப்ப இன்னா பண்ணுவ?" என்றாய். அன்றைக்குத்தான் உன்னை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு ஒரு நாள், மூன்றாம் நம்பரில் நான் சினிமா பார்த்ததைப் பிடித்துவிட்டாய்.

"எவ இதுல இன்ஸ்டால் பண்ணது?"

"இன்ஸ்டாலே பண்ணல யக்கா. பிளேயரு என் பென் டிரைவுலயே கீது. அங்கேர்ந்தே ஓடும். ஸ்டவ்வத் தூக்கிகினு போய் எங்க வேணா சமைக்கிற மாதிரி."

வெளியே துரத்தப்போகிறாய் என்று செருப்பைத் தேடினேன். நீ சுருக்குப்பையிலிருந்து, தைல டப்பாவோடு ஒட்டிக்கிடந்த இந்தப் பென் டிரைவை எடுத்தாய். "அந்த ஸ்டவ்வுல இத்த வச்சிப் பாரு. எங்க போட்டாலும் படம் மட்டும்தான் வருது. சத்தம் வர்ல."

உன் வீட்டுக்காரர் மாமா தன் பழைய போனில் எடுத்த நாற்பது வினாடி. போனும் போய், மாமாவும் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓடவிட்டேன். முதலில் காற்று. எண்ணூர்க் கடல். பச்சைச் சேலையில் நீ, முதுகைக் காட்டிக்கொண்டு. அப்புறம், போனைப் பிடித்திருந்தவரின் குரல்: "இன்னா கடலையே பாத்துகினு கீற? என்னாண்ட திரும்பேன்." நீ திரும்புகிறாய். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துச் சிரிக்கிறாய். "ஆங், அப்டியே இரு" என்கிறார். அவ்வளவுதான்.

நீ அழவில்லை. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சூடு பார்ப்பதுபோல நின்றாய். லாரி ஒன்று போய், மேசை நடுங்கி அடங்கியது. "இன்னொரு தபா" என்றாய்.

அதன்பின் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை மாமா பேசுவார். நான் போட்டுவிடுவேன், நீ கேட்பாய். படிப்பகமே அந்த நேரத்தில் அரைத் தூக்கத்தில் இருக்கும்.

நான் செய்த காரியம் உனக்குத் தெரியும். என் பென் டிரைவ் நிரம்பிப்போனது என்று உன்னுடையதை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன், தோழி வீட்டிலிருந்து படம் ஏற்றிவர. அவள் வீட்டுக் கணினி வைரஸின் தாய்வீடு. உன் வீடியோ பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்றாம் நம்பரிலேயே வைத்தேன். நகல் எடுக்கவில்லை; வெட்டி எடுத்து ஒட்டினேன். உன் பென் டிரைவில் அது இனி இல்லை. பிளேயரையும் பக்கத்திலேயே போட்டுவிட்டு, "யக்கா, இனிமே நீயே தட்டிப் பாத்துக்கோ" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஷேர் ஆட்டோவில் தோழி கேட்டாள்: "இன்னிக்கு வச்ச கழுதைய அந்தக்கா பாத்தா மாட்டிக்க மாட்டியா?"

"ஆறு மணிக்கு அணைப்பாங்கடி. அதோட எல்லாம் அழிஞ்..."

சொல்லி முடிக்கவில்லை. தேரடியில் ஆட்டோவிலிருந்து குதித்தேன். மணி ஆறு தாண்டியிருந்தது. அவ்வளவு வேகமாக நான் எந்தக் குறும்புக்குப் பிறகும் ஓடியதில்லை. அந்தக் கணினி எல்லாவற்றையும் மறக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

படிப்பகத்துக்குள் விளக்குகள் அணைந்திருந்தன. ஒன்றாம் நம்பர் இருட்டு. இரண்டாம் நம்பர் இருட்டு. மூன்றாம் நம்பரின் நீல வெளிச்சத்தில் உன் முகம் மட்டும், ஆழத்திலிருந்து மேலே வந்ததுபோல.

"யக்கா, அணைக்காத!"

"ஏன்டி கத்துற? அவரு பேசிகினு கீறாரு. பாதில எப்டி அணைக்கிறது?"

நகல் எடுத்து முடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். நீ பென் டிரைவைச் சுருக்குப்பையில் போட்டு முடிந்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு, "உன்னுதுலயும் ஒண்ணு வச்சிக்கோ. ரெண்டு எடத்துல இருக்கட்டும்" என்றாய். அன்று முதல் நான் எதையும் வெட்டி ஒட்டுவதில்லை, அக்கா. கழுதைப் படத்தைக்கூட நகல்தான் எடுக்கிறேன்.

போன ஆடியில் நீயும் மாமா போன இடத்துக்கே போனாய். எர்ணாவூரிலிருந்து உன் தங்கை வந்து, "உன்னாண்ட குடுக்கச் சொன்னா" என்று தைல டப்பாவோடு இதைக் கொடுத்தாள். டப்பாவில் இரண்டு விரல் தடம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

இன்று ஆய்வகக் கணினியும் கடவுச்சொல் கேட்டது. நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். காற்று. கடல். மாமா கூப்பிட்டார். நீ திரும்பினாய். முன்பு அந்த நாற்பது வினாடி ஒருவரைத்தான் கொண்டுவரும். இப்போது இருவரும் வருகிறீர்கள்.

ஆய்வக உதவியாளர் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார். "டைம் ஆச்சும்மா, சிஸ்டத்த ஆஃப் பண்ணு."

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "பேசிகினு கீறாங்க."