அத்தை ஏறாமலே உட்கார்ந்த கார்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. கார் சாவியைத் தேடாதீங்க, மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டேன்.

நேத்து எங்கம்மா பின்சீட்டுல ஏறினதும் உங்க கிழட்டுக் கார் பொத்துன்னு உட்கார்ந்துச்சு. "அத்தை, வெயிட்டைக் கொஞ்சம் குறைங்க"ன்னு பல்லைக் காட்டினீங்க. அம்மா இறங்கி நடந்தே போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில கார்ல ஒரு ஈ கூட இல்லை. அப்பவும் பின்பக்கம் உட்கார்ந்துதான் கிடந்துச்சு. பின்பக்கத்தைக் காத்தால தூக்கிப் பிடிக்கிற ஏர் ஷாக்குல காத்தடிச்சு, சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன். "இனி ஜென்மத்துக்கும் லீக் ஆகாது"ன்னு நீங்க அதோட ரப்பர் மேல டேப் சுத்தினீங்களே, அங்கிருந்துதான் குபுகுபுன்னு நுரை வந்துச்சு. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியாச்சு.

நாலு மணிக்கு மெக்கானிக் புது ஏர் ஷாக் ஜோடியோட வர்றார். அவர் மாட்டட்டும். நீங்க ஸ்பேனரையும் தொடக்கூடாது, டேப்பையும் தொடக்கூடாது. அஞ்சு மணிக்குப் போய் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மன்னிப்புக் கேட்கும்போது சிரிச்சுத் தொலைக்காதீங்க.

பி.கு: நேத்து அம்மாவோட நானும்தான் பின்சீட்டுல ஏறினேன். என் வெயிட்டைப் பத்தி நீங்க வாயே திறக்கலை. அதனாலதான் அடுப்பு மேல சாப்பாடு இருக்கு.