களத்துக்கு ஏறுகிற வழி

எனக்க பொன்னு அண்ணா,

களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அறுப்புக் காலம், உடம்பெல்லாம் நெல்சுணை அரிக்கிறது. ஆனாலும் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

நீ போன பிறகு இந்தக் கொல்லயில் ஊரில் என்னைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கேட்க ஒரே கேள்விதான். கல்யாண வீட்டில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், பாறசாலை பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து கேட்பார்கள். "இத்தற பெரிய ஆகாசத்தில ரெண்டு பிளெயின் எப்படி மோளே முட்டும்?" எனக்கு என்ன தெரியும் அண்ணா? நான் என்ன விமானமா ஓட்டினேன்? சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ வேலைபார்த்த ஊருக்குப் பக்கத்தில், இறங்க வந்த இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் பதறிப்போனோம். அம்மாதான் முதலில் தெளிந்தாள். "அவனுக்கு லீவு இல்லல்லா! லீவு இல்லாதவன் பிளெயின்ல ஏன் ஏறுகான்?" என்றாள். சரிதானே? கல்ஃபுக்கு ஆள் போன வீட்டுக்கு விமானம் என்றால் லீவு. வேறு எதற்கு ஒருவன் அதில் ஏறப்போகிறான்?

அம்மா முற்றத்து ஏத்தன் வாழைக்குலையை வெட்டி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கையாக வைத்தாள். செத்துப்போனவர்களுடைய அம்மாமாருக்காக முழங்காலில் நின்று ஜெபித்தாள். மறுநாள் தந்தி வந்தது.

எண்ணெய்க் கம்பெனி ஆட்களைச் சின்ன விமானத்தில் ஏற்றி, இங்கே ஜீப்பில் கொண்டுபோவதுபோல் பாலைவனத்து வேலைக்குக் கொண்டுபோவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? நீயும் ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே. பயப்படுவோம் என்றுதானே மறைத்தாய்?

உன்னை அங்கேயே அடக்கிவிட்டார்கள். முகம் பார்க்காத சாவை அம்மா நம்பவில்லை. உன்னோடு வேலைபார்த்த குன்னத்துகால் செல்லையன் லீவில் வந்தபோது, ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக் காட்டினான். "ரெண்டும் ஒரே எடத்தில எறங்க வந்தது அம்மா. மேல வந்தவனுக்கு அவனுக்க சிறகு கீழ உள்ளத மறச்சுது. கீழ வந்தவனுக்கு மேல உள்ளது தெரியல்ல. ஒருத்தன் வயர்லெஸ்ல சொன்னது மத்தவனுக்குக் கேக்கவும் இல்ல."

அம்மா அவனுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். "போலே, கள்ளம் பறையாத. ஆகாசம் எம்பிடு பெருசு!" என்று அனுப்பிவிட்டாள்.

அதோடு எல்லாம் நின்றுபோனது. கோயிலில் உனக்கு நினைவு ஜெபம் வைக்க விடவில்லை. அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த நமக்குச் சட்டம் வந்து பத்து சென்ட் கிடைத்ததே, அதில் நீ போட்ட அஸ்திவாரத்தின்மேல் ஒரு கல் வைக்கவும் விடவில்லை. "அவன் வந்து வைப்பான்" என்பாள்.

பாவம், சுசீலா அண்ணி. கல்யாணம் கழிந்து ஒரு மழைக்காலம் உன்னோடு இருந்திருப்பாளா? பாலராமபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு நல்ல மனிதர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டு ஆள் விட்டார். அண்ணி, "மாமி சொல்லட்டும்" என்றாள். மாமி எப்படிச் சொல்வாள்? சரி என்று சொன்னால் நீ செத்தவன் ஆகிவிடுவாயே. அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அண்ணியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. நடுவில் கிடந்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்று மூன்று பேரும் கதிர்க்கட்டு சுமந்தோம். தலையில் கட்டு ஏறினால் கதிர் கண்ணுக்குமேல் தொங்கும், காலடி மட்டும்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா? அதனால்தானே "வாறேன், வாறேன்" என்று கூவிக்கொண்டே களத்துக்கு ஏறுவோம். இன்று களத்தில் கதிரடிக்கிற சத்தம். அம்மா கிழக்கு வரப்பிலிருந்தும் அண்ணி மேற்கு வரப்பிலிருந்தும் வந்து, ஏறுகிற இடத்தில் முட்டி, கட்டோடு சேற்றில் விழுந்தார்கள்.

"கண்ணு இல்லியா பிள்ளே? கூவிட்டுல்லா வந்தேன்!" என்று அம்மா சீறினாள்.

"நானும் கூவினேன் மாமி. உங்களுக்குக் கேக்கல்ல. எனக்குக் கட்டு மறச்சுப்போட்டு."

இன்னும் ஏச வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். அறுத்துக் கிடந்த வயலை அந்தக் கடைசிவரைக்கும் பார்த்தாள். பிறகு திரும்பி, களத்துக்கு ஏறுகிற அந்த ஒற்றை வழியைப் பார்த்தாள். நான் கை நீட்டினேன், பிடிக்கவில்லை.

"வயலு பெருசாக்கும் மோளே," என்றாள் அண்ணியிடம். "ஏறுகதுக்கு வழி ஒண்ணுல்லா உண்டு."

அப்புறம், "எனக்க பிள்ள போயிட்டான்" என்று அண்ணியின் தோளில் விழுந்து அழுதாள். இத்தனை நாளும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள் அண்ணா. களத்தில் கதிரடி நின்றுபோனது. நானும் அழுதேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

சாயங்காலம் கோயில் உபதேசியாரிடம் உன் நினைவு ஜெபத்துக்குச் சொல்லியாயிற்று. பாலராமபுரத்துக்காரரையும் அம்மா வரச் சொல்லிவிட்டாள். அண்ணிக்குத் தாய் இல்லையே, கல்யாணத்தை யார் முன்னின்று நடத்துவது என்று நான் இழுத்தேன். "நானாக்கும் அவளுக்க அம்மா. இவ மருமோளாட்டு வந்தா, மோளாட்டு எறங்கிப் போவா" என்றாள்.

அஸ்திவாரத்தின்மேல் கல் வைக்கச் சொல்லிவிட்டேன். அண்ணி அந்த வீட்டு வாசலிலிருந்துதான் இறங்குவாள். அன்றைக்கு அவளுக்கு முன்னால், அவளுடைய கூடப்பிறந்தவளாக நான் நடப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்கு முன்னால் கிழவியாகிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
லில்லி