உன் துண்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்

மாப்ளே,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள், முதன்முதலாக நுகத்தில் பூட்டிய கன்றுகள் போல ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ‘ழ’ எழுதினால் அதன் வால் அடுத்த வரியில் போய் மிதிக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் விரல் கடுக்கிறது. கையை உதறிவிட்டு மறுபடி தொடங்குகிறேன். குற்றம் சொல்ல உனக்கு எழுத்துத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நம்பியிருக்க மாட்டாய். “யாருகிட்ட கத வுடுற மாப்ள?” என்றிருப்பாய். கதை இல்லை. நீ போன பிறகு சாயங்காலங்களில் எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குப் பாடம் நடக்கிறது என்றார்கள். போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். இப்போது பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்பதில்லை. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

மத்தியானம் என் மருமகள் தேவகி, “மாமா, இத மூட ஒரு துணி குடுங்க. லாரி போற தூசியெல்லாம் உள்ள போவுது” என்றாள். தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே உன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. உன் அஸ்தியைத் திருமழபாடிக்குக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டு வந்த அன்று, உன் வீட்டில் என் கையில் கொடுத்தார்கள். மோந்து பார்த்தேன். வேப்பெண்ணெய், புண்ணாக்கு, மாட்டின் வேர்வை எல்லாம் இன்னும் அதில் இருக்கிறது. அந்தத் துண்டைத்தான் கம்ப்யூட்டர் மேல் போர்த்தினேன். ஆமாம், கம்ப்யூட்டர்தான். என் வீட்டில்தான்.

நீ இருந்தவரை என் மகன் செல்வம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். நீ போன மழைக்காலத்தில், லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கிக் கீழே விழுந்தான். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து கட்டிலில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரும் வரும் என்று டாக்டர் சொல்கிறார். வரவில்லை. கையில் இருந்ததெல்லாம் மருந்துக்கே போய்விட்டது. தேவகி அவனை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது, போகாமலும் முடியாது. கல்யாணத்துக்கு முன் அவள் பெரம்பலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதியவள். அந்த ஆடிட்டரிடமே போய் நின்றாள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால், “திங்கக்கெழமைக்குள்ள சொந்தமா கம்ப்யூட்டர் வாங்கிட்டா சொல்லும்மா. இல்லேன்னா இன்னொரு பொண்ணு காத்திருக்கு” என்றாராம்.

வீட்டில் விற்க இருந்தது ஒரே ஒரு மாடு. நீ கன்றாகப் பிடித்துக் கொடுத்த செவலை. மீன்சுருட்டிக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். செவலை தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு தேவகியோடு பஸ் ஏறினேன்.

அரியலூரில் முதலில் பார்த்த கடையில் எல்லாமே புதுசு. உள்ளே ஏசி போட்டிருந்தது. அங்கிருந்த பையன் சொன்ன விலைக்கு, செவலையோடு இன்னும் இரண்டு மாடு விற்றிருக்க வேண்டும். தேவகி வெளியே வந்துவிட்டாள். அங்கிருந்து பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ‘பழைய கம்ப்யூட்டர் வாங்கவும் விற்கவும்’ என்று ஒரு போர்டு. நானே எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். “மெதுவா மாமா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள். பார்க்கட்டுமே!

கடைக்காரர் ஒரு பாய். நாற்பது வயது இருக்கும். “வாங்க பெரியவரே, உக்காருங்க” என்று ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். தேவகி ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தாள். மடியில் வைத்துக்கொள்கிற கறுப்பு லேப்டாப் ஒன்றில் அவள் கை நின்றுவிட்டது. ஏதோ ஆபீஸில் இருந்து கழித்துவிட்டதாம். தட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது. “மாமா, இது போதும். அவரு கட்டில் பக்கத்துலயே உக்காந்துக்கலாம்” என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது. நீ இருந்திருந்தால் அவள் காலை மிதித்திருப்பாய்.

ஞாபகம் இருக்கிறதா, மாட்டுச் சந்தையில் நான் முதல் தடவை ஒரு காளையைப் பார்த்து “அடடா!” என்று சொன்னேன். நீ என்னை இழுத்துக்கொண்டு போய் டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தினாய். “ஏன்டா, ஒன் ஆசைய அவன் மூஞ்சியில பூசிட்டியே. இனி எவ்ளோ கொறைப்பான்? வாங்குற வரைக்கும் திட்டு. வூட்டுல கொண்டாந்து கட்டின பொறவு கொஞ்சு.” அப்புறம் இன்னொன்றும் சொன்னாய்: “பேச்சு படியலேன்னா எழுந்து நட. திரும்பிப் பாக்காத. அவனே கூப்புடுவான்.” நாம் நடந்தோம். அவன் கூப்பிட்டான். துண்டைப் போட்டுக் கைகளை மூடி, வாயால் சொல்லாமல் விரல் கணக்கிலேயே விலை பேச, அதற்குள் அவன் விரல்களை நீ பிடித்தாய். எந்த விரலைப் பிடித்தாய், எதை விட்டாய், எனக்கே தெரியவில்லை. வெளியே இருந்தவர்கள் துண்டு அசைவதை மட்டும் பார்த்தார்கள். காளை நம்முடையதாகிவிட்டது.

அதையே செய்தேன் மாப்ளே. அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கி, “என்ன பாய், மூலையெல்லாம் தேஞ்சு கெடக்கு? எத்தன பேரு கையில அடிபட்டுதோ. எழுத்தெல்லாம் பாதி அழிஞ்சிபோச்சு. எனக்கே இப்பத்தான் எழுத்து வந்துச்சு, இதுக்குப் போயிட்டிருக்கு” என்றேன். தேவகி வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் சிரித்தார். விலை சொன்னார். மடியில் இருந்தது அதற்குச் சரியாக இருக்கும். தோளில் இருந்த துண்டை இழுத்துக் கையை மூடி அவரிடம் நீட்டினேன். அவர் பதறிப்போய், “கையில என்னங்க, அடி பட்டிருக்கா?” என்றார். “இல்லீங்க, வெல பேசுறேன்” என்றேன். “இங்க ஒரே வெலதான் பெரியவரே. அதுலயே ஒட்டியிருக்கு பாருங்க.” பார்த்தேன். படித்தேன். ஆனாலும் நான் எழுந்து நடந்தேன்.

தேவகி, “மாமா, மாமா” என்று பின்னாலேயே வந்தாள். “பேசாம வா. கூப்புடுவாரு” என்றேன். சந்து முனை வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வந்தது. பஸ்களின் ஹாரன்தான் கூப்பிட்டது, பாய் கூப்பிடவில்லை. பழக்கடைப் பக்கம் நிற்கிறோம், நிற்கிறோம். கடைசியில் நானே திரும்பி ஓட்டமாகப் போனேன். பாய் தலையைச் சொறிந்தார். “நீங்க வேண்டாம்னுதான போனீங்க? காலேஜ் பையன் ஒருத்தன் வந்தான், ஸ்டிக்கர்ல இருந்தத குடுத்தான், எடுத்துட்டுப் போயிட்டான்.”

வேறு ஏதாவது எங்கள் விலைக்கு மடியில் வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று தேவகி கேட்டாள். இல்லை. வரும் வாரம் வரலாம், இன்ஷா அல்லாஹ் என்றார்.

அரியலூர் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, தூசி விழுந்த மாதிரி பாவனை செய்தாள். செவலையையும் விட்டு, வேலையையும் விட்டு, ஒன்றுமில்லாமல் நம் ஊர் விக்கிரமங்கலத்தில் இறங்கப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. வழியில் இருந்த போர்டெல்லாம் கண்ணில் பட்டன. ஒன்றையும் படிக்கவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, மாப்ளே. இறந்தவன் மேல் கோபப்படக் கூடாது. ஆனால் வந்தது. எல்லாவற்றுக்கும் கூட வந்து நின்றுவிட்டு, இதற்கு மட்டும் நீ ஏன் இல்லை?

வீட்டில் செல்வம், “கெடைக்கலியாப்பா?” என்றான். “நாளைக்குக் கெடைக்கும்” என்றேன். பொய்தான். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, “நான் ஒருத்தன் இல்லேன்னா அவ ஆபீசுக்கே போயிட்டு வந்துடுவா” என்றான். மனிதன் தன்னைக் கழித்துப் போட்டுக் கணக்குப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறாயா? நான் வெளியே வந்து செவலை கட்டியிருந்த இடத்தில் நின்றேன். முளைக்குச்சியில் கயிற்றின் தடம் இருந்தது.

அங்கே நின்றபோதுதான் நீ எப்போதோ சொன்னது வந்தது. சந்தையில் ஒருத்தன் அழகான காங்கேயம் காளையைப் பார்த்துச் சொக்கி நின்றான். நீ அவனிடம், “என்ன வேல செய்யப்போவுது, அத மொதல்ல சொல்லு” என்றாய். நானும் பெரம்பலூரில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை. திட்டத் தெரிந்துகொண்டேன், நடக்கத் தெரிந்துகொண்டேன், கேட்கத் தெரிந்துகொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை மறுபடி போனோம். இந்தத் தடவை துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பாய் என்னைப் பார்த்ததும், “வாங்க பெரியவரே, இன்னிக்கு யாரத் திட்டப் போறீங்க?” என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. “எனக்கு வேணும் பாய்” என்றேன். சந்தையில் இருபது முப்பது வருசம் சொல்லாத வார்த்தை. “எம் பையன் படுத்துக் கெடக்கான். இந்தப் புள்ளைக்குத் திங்கக்கெழமை வேல போயிடும். மாட்ட வித்துட்டேன். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல.” மடியை அவிழ்த்து மேசை மேல் வைத்தேன். விலை பேசுவதற்கு முன்பே மடியை அவிழ்த்துவிட்டேன். பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

பாய் பணத்தைத் தொடவில்லை. தேவகியிடம், “என்னம்மா வேல?” என்று கேட்டார். பார்த்தாயா, அவர் உன் கேள்வியைக் கேட்டார். “பில்லு பாத்துக் கணக்கு ஏத்துறதுங்க.” “அதுக்கு மடியில வெக்கிறது எதுக்கு?” என்று உள்ளே போய் ஒரு பெரிய பெட்டியையும் அகலமான திரையையும் தூக்கிவந்தார். கொஞ்சம் மஞ்சளடித்துப் போயிருந்தது. தேவகியின் முகம் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்தாள். “பரவால்ல மாமா. வேல நடக்கணும், அவ்ளோதான்.”

நான் உன் இன்னொரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஏர் பூட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் நீ காசு எடுக்கமாட்டாய். “இந்தப் புள்ள கொஞ்ச நேரம் இதுல வேல செஞ்சு பாக்கட்டும் பாய்” என்றேன். “தாராளமா செய்யட்டும்” என்றார். அவர் மத்தியான லுஹர் தொழுகைக்குப் போய்வரும் வரை அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறியது, நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, விழவில்லை. பாய் மீதிப் பணத்துக்குப் பழைய யூபிஎஸ் ஒன்றும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். “பேட்டரி கெழடு. கரண்டு போனா கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதுக்குள்ள சேமிச்சிடணும்” என்று எச்சரித்தார்.

அதை வீட்டில் வைத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டால் அந்தப் பெரிய திரை செல்வத்துக்குப் படுத்தபடியே தெரிகிறது. இப்போது அவன் பில்லை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படிக்கிறான், அவள் தட்டுகிறாள். “நானூத்தி அம்பதுன்னேன், நீ நாப்பத்தஞ்சு போட்டிருக்க.” “ஒங்க வாயில மென்னு சொன்னா எப்படி வெளங்கும்?” சண்டை போடுகிறார்கள், மாப்ளே. எவ்வளவு நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சண்டை!

ஆனால் கரண்டு போய்ப் போய் வருகிறது. நேற்று அந்தக் கிழட்டு யூபிஎஸ் கத்தி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. காலையிலிருந்து செய்ததெல்லாம் போயிற்று. தேவகி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். செல்வம் தொண்டை கட்டும்வரை படித்தான். ஆடிட்டர் கண்டிப்பான ஆள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரமா என்று சொல்வாராம். அந்த மாதம் வரும் வாரத்தோடு முடிகிறது. அதற்குமேல் விற்க என்னிடம் எதுவும் இல்லை. அரிசிப் பானையைத் திறக்கும்போது தேவகி என்னைப் பார்ப்பதில்லை. நானும் அவளைப் பார்ப்பதில்லை.

இப்போது பொழுது சாய்கிறது. வேலை முடித்து அவள் அடுப்படிக்குப் போயிருக்கிறாள். கம்ப்யூட்டர் மேல் உன் துண்டு. எழுதுவதை நிறுத்திவிட்டு அதற்கு அடியில் கையை விட்டேன். பெட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, உழுதுவிட்டு வந்து நிற்கிற மாட்டின் விலா மாதிரி. வாங்கிக் கட்டியாயிற்று, இனி கொஞ்சலாம் என்று தடவிக் கொடுத்தேன். என் விரல்கள் துண்டுக்குள்ளே கொஞ்ச நேரம் சும்மா விரிந்து கிடந்தன. உன் விரலைத்தான் தேடின என்று நினைக்கிறேன். இந்தப் பேரம் படியுமா, மாப்ளே? ஒரு விரலையாவது அழுத்திச் சொல்லக் கூடாதா?

வரும் வாரம் ஆடிட்டர் வாய் திறந்துவிடுவார். அவர் எது சொன்னாலும், அன்று சாயங்காலமே இந்தப் பேனாவை எடுத்து, கோணலோ மாணலோ, உனக்கு எழுதிவிடுகிறேன்.