நீங்கள் போடாத முழுப் பக்கம்

அக்கா,

இன்று காலை கந்தோர்க் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உங்கள் சப்பாத்துகளில் இருந்த வெள்ளைக் கோடு. பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்பு காய்ந்து, கணுக்காலுக்குச் சற்றுக் கீழே அலை மாதிரிப் படிந்திருக்கிறது. ஹீட்டருக்குப் பக்கத்தில், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று சரிந்தும், நீங்கள் கழற்றிய மாதிரியே கிடக்கின்றன. தலையிடி என்று சொல்லி, உள்ளே போடுகிற செருப்போடேயே ரக்சியில் ஏறிப் போனீர்கள். துடைக்கலாம் என்று துணி எடுத்தேன். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டேன்.

உங்களை முதலில் கண்டது மாதா கோவில் மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்த நேரம். கோட்டுகள் தொங்குகிற மூலையில்தான் நான் எப்போதும் நிற்பேன். அங்கே யாரும் கதைக்க வரமாட்டார்கள். நீங்கள் ஒரு தமிழ்ப் பத்திரிகையை விரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றீர்கள். மன்னாரிலிருந்து ஐந்து வயதில் வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் படித்துச் சட்டத்தரணியானவர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"தங்கச்சி, இது என்ன எழுத்து? ழவோ ளவோ?"

வாசித்துக் காட்டினேன். முழு விளம்பரத்தையும் வாசித்தேன். அம்மா ஓடிவந்து, "இவ பள்ளிக்கூடத்தை விட்டிட்டா, மிஸ். ஆரோடையும் வாய் திறக்கமாட்டா" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"இப்ப திறந்தவதானே, அன்ரி" என்றீர்கள்.

அம்மா சொன்னது பொய்யில்லை. இரண்டு குளிர்காலம் பிரெஞ்சு வகுப்பில் இருந்தேன். ஆசிரியை என் பெயரைப் பிழையாகச் சொல்லுவார். திருத்த வெட்கப்பட்டுக் கையை மட்டும் உயர்த்துவேன். பதினாறு முடிந்ததும் போகாமல் விட்டேன். யாரும் தேடி வரவில்லை.

டவுன்டவுனில் உங்களுடைய ஒற்றை அறைக் கந்தோருக்கு நான் வேலைக்கு வந்தது, மாகாணம் நாட்டை விட்டுப் பிரிவதா என்ற வாக்கெடுப்புக்கு மின்கம்பங்களில் எல்லாம் ஓம், இல்லை என்று பிரெஞ்சில் எழுதிய அட்டைகள் தொங்கிய ஐப்பசியில். யன்னலைத் திறந்தால் ஒரு உணவகத்தின் பின்கதவு. பத்து மணிக்கே வெங்காயம் பொரிகிற மணம் வரும். ஆட்கள்தான் வரவில்லை. நீங்கள் சேர்த்து வைத்திருந்தது ஒரே ஒரு முறை செலவழிக்கக்கூடிய பணம். அது பிழையான இடத்தில் போனால் வைகாசியோடு கந்தோரைப் பூட்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாய் திறந்து கதைக்கிற ஒரே இடம் அது என்று உங்களுக்குச் சொல்லவுமில்லை.

அந்தப் பணத்தைத் தேடித்தான் கையேட்டு அண்ணை வந்தார். தமிழ்க் கடைகளின் பெயரும் ரெலிபோன் நம்பரும் போட்டு வருசா வருசம் புத்தகம் அடிக்கிறவர். குளிருக்கு ஒன்றுக்கு மேலே ஒன்றாக மூன்று சுவெற்றர் போட்டிருந்தார்.

"முழுப் பக்கம் போடுங்கோ, மிஸ். கலரிலை. ரொறன்ரோவிலை இருந்தும் சனம் வரும்."

"ரொறன்ரோவிலை சட்டத்தரணிமார் இல்லையோ, அண்ணை?"

"இருக்கினம். ஆனா என்ரை புத்தகத்திலை இல்லை."

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். ஆனால் காசோலை கொடுக்கவில்லை. "முதல்லை உங்கடை புத்தகத்திலை ஆர் ஆர் நிக்கினம் எண்டு பாப்பம். பேந்து சொல்லுறன்" என்று அனுப்பிவைத்தீர்கள்.

அன்று பின்னேரம் பழைய கையேடுகளையும் பத்திரிகைகளையும் நிலத்தில் பரப்பினோம். நான் முழங்காலில் இருந்து வாசிக்க, நீங்கள் மேசைக்கு மேலே ஏறிக் கால்களை ஆட்டிக்கொண்டு கேட்டீர்கள். அகதிக் கோரிக்கை, குடிவரவு, விவாகரத்து. அடுத்த பக்கம், குடிவரவு, விவாகரத்து, அகதிக் கோரிக்கை. எல்லோருடைய படத்துக்கும் பின்னால் அதே தடித்த புத்தக அலுமாரி.

"எல்லாரும் ஒரே ஸ்ரூடியோவிலை படம் எடுத்திருக்கினம்" என்றேன்.

"கழுத்திலை கட்டின ரையும் ஒண்டுதான். ஸ்ரூடியோக்காரன் குடுக்கிறான் போலை."

அதற்குள் இன்னொரு முழுப் பக்கமாக உங்களையும் வைத்துப் பார்த்தோம். "என்னை ஆர் கண்டுபிடிக்கப் போயினம்?" என்றீர்கள். அப்போது உங்கள் குரலில் பகிடி இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புரோசார்ட்டில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணியும் விளம்பரம் போடவில்லை என்று கண்டதும் உங்களுக்கு ஆசை பிடித்தது. அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துப் பாலம் கடந்து போனோம். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சென்னை மாமியிடம் நீங்கள் மெல்லக் கதை கொடுத்தீர்கள். அவருடைய கணவர் டாக்டர்; வந்து இருபது வருசத்துக்கு மேலே.

"எங்களுக்கு லாயர் எதுக்கும்மா? சிட்டிசன்ஷிப் எப்பவோ வந்தாச்சு."

"வீடு வாங்க, விற்க..."

"அதுக்கு நோட்டரி இருக்காரே. இந்த ஊர்ல அதெல்லாம் அவர்தானே பண்ணுவார், உங்களுக்குத் தெரியாததா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நீ டைவர்ஸ் கேஸும் பாப்பியா? எனக்கில்ல" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் யன்னலில் தலை சாய்த்து, "போட்டி இல்லாத இடத்திலை ஆளும் இல்லை" என்றீர்கள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தோம். நான் மனதுக்குள் வைகாசிக்கு எத்தனை மாதம் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவேயில்லை. "நீ இப்பதான் அகதியா வந்திருக்கிறாய் எண்டு வை. ஆரையும் தெரியாது. இந்தப் பக்கங்களிலை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ரெலிபோன் எடு. என்ன நடக்குது எண்டு பாப்பம்."

முதல் நம்பரைச் சுழற்றினேன். ஒரு பெண் குரல், "போன்ஜூர்" என்று தொடங்கி வேகமாக ஏதோ சொன்னது. ரிசீவரை வைத்துவிட்டேன். அடுத்ததில் மெசின் பேசியது. அதுவும் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். வைத்துவிட்டேன். தமிழில் முழுப் பக்கம் போட்டிருந்தவருடைய கந்தோரிலும் "போன்ஜூர்" தான். நீங்கள் மேசையிலிருந்து இறங்கி வந்தீர்கள்.

"ஏன் வைச்சனி?"

"என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"என்ன கேக்க நினைச்சனி?"

"ஒண்டும் இல்லை. தமிழ் ஆள் நிக்கினமோ எண்டு கேக்க நினைச்சன். அதை எந்தப் பாஷையிலை கேக்கிறது?"

நீங்கள் நிலத்தில் கிடந்த அத்தனை பக்கங்களையும் ஒன்றாய்க் கூட்டி அள்ளி மேசையில் போட்டீர்கள். "இவ்வளவு பேரும் இவ்வளவு காசு குடுத்து ரெலிபோன் அடிக்கப் பண்ணினம். அடிச்ச பிறகு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை."

எனக்கு அடுத்தது என்ன வரப்போகிறது என்று விளங்கியது. "நான் மாட்டன், அக்கா" என்றேன்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

கையேட்டு அண்ணைக்கு முழுப் பக்கம் கிடைக்கவில்லை. ஒரு வரிதான் கொடுத்தீர்கள்: உங்கள் பெயர், நம்பர், 'தமிழில் பதில் சொல்லப்படும்'. அவருக்குக் கோபம். "இது தெருமூலையிலை இருக்கிற டெப்பனர்க் கடைக்குப் போடுற அளவு, மிஸ்" என்றார். மிச்சப் பணம் என் சம்பளமாகவும், பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதாகவும் மாறியது. அந்த ஆள் நான்.

புத்தகம் வந்து சில நாட்களில் ஒரு அழைப்பு. எடுத்தேன். யாரும் கதைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைக்கலாமா வேண்டாமா என்று நினைக்கிறவர்களுடைய மூச்சு. அதை நான் நன்றாக அறிவேன். "கதையுங்கோ, நான் தமிழ்தான்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு அம்மா அழத் தொடங்கினார். நீங்கள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தீர்கள், சீனி கூட.

அந்த அம்மா தன் தங்கச்சியை அனுப்பினார். தங்கச்சி பக்கத்து வீட்டாரை அனுப்பினார். வைகாசி வந்து போனது. கந்தோர் பூட்டவில்லை. அடுத்த வைகாசியும் போனது. உங்களுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில் ஏசுவீர்கள், பிறகு தமிழில் மன்னிப்புக் கேட்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டை எப்போதும் மறந்து வருவீர்கள். என்னுடையதில் பாதி உங்களுக்கு என்று அம்மாவுக்கே தெரியும்.

அந்தத் தலையிடி, மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததால் என்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கோவிலில் உங்கள் பெட்டியைச் சுற்றி நிறையச் சனம். நான் கோட்டுகள் தொங்குகிற மூலையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் கதைத்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். அந்த இருமல் எனக்குத் தெரியும். "சரியே, சரியே" என்று இழுக்கிற அந்தக் குரல் மகனுடைய விசாரணைக்கு முதல் நாள் நான்கு தரம் ரெலிபோன் அடித்தது. கந்தோருக்கு ஆட்கள் வரும்போது நான் திரைக்குப் பின்னால் ரெலிபோனோடு இருப்பேன்; அவர்களுக்கு என் முகம் தெரியாது. ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் திரும்பியிருப்பார்கள். சொல்லவில்லை. பூசை முடிந்து மெற்றோவில் தனியாக வந்தேன். அதைப் பற்றிச் சொல்ல நினைத்த ஒரே ஆள் நீங்கள்.

உங்கள் வழக்குகளை மேல்மாடியில் இருக்கிற பிரெஞ்சுச் சட்டத்தரணி அம்மா பொறுப்பெடுத்திருக்கிறார். போன கிழமை இறங்கி வந்து, எனக்கு விளங்கட்டும் என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: நான் மேலே அவரிடம் வேலைக்கு வந்தால் உங்கள் ரெலிபோன் நம்பரும் மேலே வரும், வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அதை வெட்டிவிடுவார்கள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவருக்கும் விளங்கியிருக்காது. அம்மா தான் வேலை செய்கிற சமையலறையில் எனக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறார். "கோப்பை கழுவுற இடம், பிள்ளை. அங்கை ஆரோடையும் கதைக்கத் தேவையில்லை." அம்மா என்னை அறிந்துதான் சொல்கிறார். நான்கு நாளாக அந்த வேலையை நினைத்துப் பார்த்தால் கம்பளிக்குள் சுருண்டு படுக்கிற மாதிரி இருக்கிறது.

இன்று வெள்ளி. சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கையேட்டு அண்ணை ரெலிபோன் எடுத்தார். புதுப் புத்தகம் அடிக்கிறாராம். "மிஸ் இந்த முறையாவது முழுப் பக்கம் போடுவாவோ?" அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், அக்கா. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப அந்த ஒரு வரியை எடுக்கட்டோ, தங்கச்சி?"

"எடுக்க வேண்டாம், அண்ணை."

"ஆரின்ரை பேரைப் போட?"

"நம்பர் அதுதான். பேர் பேந்து சொல்லுறன்" என்றேன்.

ரிசீவரை வைத்தேன். ரெலிபோனைச் சுவரிலிருந்து கழற்றி, வயரைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்குப் படியேறினேன்.